பிட்டு விற்ற கிழவியின் வாரிசுகள்

ஆவணி மூலத்தன்று மதுரையில் சொக்கநாதர் கூலியாளாகிறார். மீனாட்சியும் உடன்வர அவர் ஆரப்பாளையத்தை ஒட்டிய புட்டுத்தோப்புக்குப் போகிறார். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேர்கிறார்கள். இத்தனை தெய்வங்கள் கூடி நின்று கொண்டாடுவதென்னவோ யாருமில்லாத ஒரு கிழவியின் கதையை. வந்தி பிட்டு அவித்து விற்றுப் பிழைத்தவள். வையை கரையை உடைத்துக்கொண்டு பெருகியபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் பறை அறைவித்தான். அனுப்ப அவளுக்கு மகனில்லை. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசுமில்லை. எங்கிருந்தோ ஓர் இளைஞன் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொடு, உன் பங்கை நான் அடைக்கிறேன் என்றான். அன்றைக்கென்று பார்த்து அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோயிற்று. அவன் வயிறு முட்டத் தின்றான், ஆடினான், பாடினான், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். உடைப்பு உடைப்பாகவே கிடந்தது. மேற்பார்வைக்கு வந்த பாண்டியன் பிரம்பை ஓங்கி அவன் முதுகில் ஓர் அடி வைத்தான். அந்த அடி அடித்தவன் முதுகிலும் விழுந்தது. அரசியர் முதுகில், அமைச்சர் முதுகில், வயிற்றிலிருந்த பிள்ளையின் முதுகிலும் விழுந்தது.

மாணிக்கவாசகர் திருவாசகத்திலேயே தொட்டுக் காட்டும் கதை இது. பின்னால் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலமாக, 64 விளையாடல்களில் 61-ஆவதாக, அதை விரித்து வைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர்ப் பிள்ளைகள் இதைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். பக்தர்களுக்கு இது இறைவனின் எளிமை. சைவப் பெரியோர்களுக்குப் பாண்டியனின் தண்டனையிலிருந்து மாணிக்கவாசகருக்குக் கிடைத்த விடுதலை. ஆறு வயதுப் பிள்ளைக்கோ முதலில் தங்குவது அந்த அடிதான். ஆளற்றவன் மேல் விழுந்த ஓர் அடி ஊர் முழுக்க வலித்தது என்ற செய்தி, பள்ளியிலும் தெருவிலும் வீட்டிலும் அடி வாங்கும் பிள்ளைக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்தப் பிள்ளை எவரிடமும் அதைச் சொல்லியிருக்காது. கதைகள் பிள்ளைகளிடம் செய்யும் வேலை பெரும்பாலும் அப்படிச் சொல்லப்படாத வேலைதான்.

வையையைப் பற்றி ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். 1966-இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதியில் அது இருக்கிறது. இளம் ஆசிரியராக மதுரைத் தியாகராசர் கல்லூரியில் சில காலம் பணியாற்றியவர் அவர். இந்த நகரத்துப் புலவர்கள், பழையவர்களும் புதியவர்களும், வெள்ளத்தை மட்டும் பாடிவிட்டு அதில் மூழ்கியவர்களை மறந்துவிட்டார்கள் என்பது அந்தக் கவிதையின் மெல்லிய குத்தல். குத்தல் நியாயமானது. ஆனால் புலவர்கள் விட்டதைப் பாட்டிகள் விடவில்லை என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். வந்தியின் கதையும் வெள்ளக் கதைதான். ஆனால் அரண்மனை மாடத்திலிருந்து பார்த்த வெள்ளமாக அது இல்லை. பங்குக்கு ஆள் அனுப்ப வழியில்லாத ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த வெள்ளம் அது.

சற்று விலகி நின்று பார்த்தால், இந்தச் சமவெளியின் சிறுவர் கதைகளில் எங்கு திரும்பினாலும் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பது தெரிகிறது. மதுரைக்கு வடக்கே அழகர்மலையின் பழமுதிர்சோலையில், நடந்து களைத்த ஔவை நாவல் மரத்தடியில் நிற்கிறாள். கிளையில் இருக்கும் மாட்டுக்காரப் பையன் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று அவளைக் குழப்பி வேடிக்கை பார்க்கிறான். நிலாவுக்குள்ளேயும் ஒரு பாட்டிதான் வடை சுடுகிறாள். காகம் வடை திருடிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈசாப்பின் கதையில் காகமும் நரியும் மட்டுமே உண்டு. அது நம்மூருக்கு வந்து சேர்ந்தபோது மரத்தடியில் அடுப்பு மூட்டி ஒரு பாட்டியும் வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தள்ளாத வயதில் அவள் ஏன் வெயிலில் வடை சுட வேண்டும், அவள் பிள்ளைகள் எங்கே போனார்கள், அன்றைய திருட்டு நட்டத்தை அவள் எப்படி ஈடுகட்டினாள் என்று எந்தப் பாடநூலும் கேட்பதில்லை. நீதி காகத்துக்கும் நரிக்குமாகப் பிரிந்து போய்விடுகிறது.

இந்தக் கிழவிகள் எல்லோருக்கும் ஒரே குறை: ஆளில்லை. கதை அவர்களுக்குக் கொடுக்கும் ஈடும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு குறும்புக்காரப் பிள்ளை எங்கிருந்தோ வந்து சேர்கிறான். வந்தியிடம் வந்த கூலியாள் தின்கிறான், விளையாடுகிறான், வேலை செய்யாமல் தூங்குகிறான். பேரன் செய்வதையெல்லாம் செய்கிறான். ஔவையிடம் வந்தவன் மரத்திலேறி அவளைச் சீண்டுகிறான். பாட்டியின் வடையைக் கொத்திக்கொண்டு போகும் காகத்தைக்கூட இந்த வரிசையில் வைக்க எனக்கு ஆசைதான், கொஞ்சம் அதிகப்படி என்றாலும். இப்போது கதைக்கு வெளியே பாருங்கள். கதை சொல்லப்படும் இடத்திலும் ஒரு கிழவியும், சோறு உண்ண அடம்பிடிக்கும் ஒரு குறும்புக்காரப் பிள்ளையுமே இருக்கிறார்கள். பாட்டி பிள்ளைக்குக் கதை சொல்வதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் தன் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலை மங்கிய பிறகு, முற்றத்திலோ மொட்டை மாடியிலோ வட்டமாகப் பிள்ளைகளை உட்கார வைத்து, குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை உருட்டி ஒவ்வோர் உள்ளங்கையிலும் ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டே சொல்வார்கள். உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. அதில் கொஞ்சம் குழம்பு. கேட்கிற பிள்ளைகளுக்கு ஒரே கடமை, ‘உம்’ கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். வாயில் சோற்றை அதக்கிக்கொண்டு உம் கொட்டுவது லேசான காரியமில்லை, ஆனாலும் கொட்டியாக வேண்டும். வீட்டில் அந்த அம்மாள் நாள் முழுக்க என்ன பேசினாலும் ஒருவரும் உம் கொட்டியிருக்கமாட்டார்கள். அடுப்படியில் அவள் யோசனைக்கு மதிப்பில்லை. கணக்கு வழக்கில் அவளை யாரும் கேட்பதில்லை. பொழுது சாய்ந்த பிறகு அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் சொல் செல்லுபடியாயிற்று. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரின் பெயரோடு தங்கள் சொந்தத் துயரத்தையும் சேர்த்து அழுதுகொள்வார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சாவு விழாத நாள்களில் அந்த வேலையைச் சிறுவர் கதை பார்த்தது.

1991-இல் ராமானுஜன் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. ஒரு விதவைத் தாய், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நாலு பேரும் அவளை ஏசுகிறார்கள், அலைக்கழிக்கிறார்கள். அவளுக்கோ மனம்விட்டுச் சொல்ல ஒருவருமில்லை. சொல்லாததெல்லாம் உள்ளே தங்கித் தங்கி அவள் பெருத்துக்கொண்டே போகிறாள். உட்கார்ந்து தின்றே பெருக்கிறாள் என்று அதற்கும் ஏச்சு. ஒருநாள் வீட்டில் யாருமில்லாதபோது கால் போன போக்கில் நடந்து ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போய் நிற்கிறாள். கூரையில்லை, நான்கு சுவர்கள் மட்டும். எதிரே இருந்த சுவரிடம் மூத்த மகன் செய்ததையெல்லாம் சொல்லி முடிக்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பும் கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் அடுத்தவர் கணக்கு, அது முடிந்ததும் அதற்கடுத்தது. கடைசியில் இடிபாடுகளுக்கு நடுவே அவள் பழைய உடம்போடு நிற்கிறாள். பிறகு வீட்டுக்கு நடந்து போகிறாள்.

கதை அவ்வளவுதான். மகன்கள் திருந்தவில்லை, மருமகள்கள் காலில் விழவில்லை, எந்தத் தெய்வமும் விமானம் அனுப்பவில்லை. வந்தியைச் சிவலோகத்துக்கு ஏற்றி அனுப்பும் புராணத்தின் தாராளம் இந்த அடுப்படிக் கதைக்கு இல்லை. அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்கு, அதே நாலு பேரிடம். சிறு வயதில் இதைக் கேட்கும் பிள்ளைக்கு இது வெறும் சிரிப்புக் கதை. குண்டுக் கிழவி பேசப் பேசச் சுவர் சரிவது சிரிப்பில்லாமல் வேறென்ன? முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு மத்தியானத்தில், சொல்ல ஆளில்லாமல் நிற்கும்போது அந்தக் கிழவி நினைவுக்கு வருவாள். அப்போது அவளைப் பார்த்துச் சிரிக்க முடியாது. மனநல மருத்துவர்கள் இன்று அரைமணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கேட்கும் கேள்விக்கான விடை, நம்மில் பலரிடம் தயிர்சோற்றோடு சேர்த்து முன்பே ஊட்டிவிடப்பட்டிருக்கிறது. மருத்துவரிடம் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். சொன்னால் பாரம் குறையும் என்ற எண்ணமே நமக்கு அந்நியச் சரக்கு என்று பேசுகிறவர்களுக்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

மேலைநாட்டில் தேவதைக் கதைகளின் உளவியலை விரித்து எழுதியவர் புருனோ பெட்டல்ஹைம்; அவருடைய நூல் 1976-இல் வந்தது. காட்டில் விடப்பட்ட பிள்ளைகளும் ஓநாயும் சிற்றன்னையும், குழந்தையின் உள்ளே பெயரில்லாமல் கிடக்கும் அச்சங்களுக்கு உருவம் கொடுக்கிறார்கள், அதனால் அவற்றைக் குழந்தை கையாளக் கற்றுக்கொள்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய முடிவுகள் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள், என்றாலும் அடிப்படை எண்ணத்தை எளிதில் தள்ள முடியாது. நம் கதைகளுக்கு அதை அப்படியே பொருத்தினால்தான் இடிக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812 முதல் அச்சேற்றிய கதைகளில் புகழ்பெற்றவை பல, பெண் திருமணத்தை நோக்கி நடந்து அங்கே முடிந்துவிடும் கதைகள். நம் பெண்கள் சொல்லும் கதைகளில் திருமணத்துக்குப் பிறகுதான் கஷ்டகாலமே ஆரம்பிக்கிறது என்று ராமானுஜன் எடுத்துக் காட்டினார். அங்கே குழந்தையின் பயம் கதையாயிற்று. இங்கே வாழ்ந்து முடித்தவளின் வலி கதையாகிக் குழந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே இந்தக் கதைகள் கேட்ட உடனே பலன் தருபவையாக இல்லை. வயதாக ஆகத்தான் முதிர்கின்றன.

அந்தக் காலத்தில் தாத்தா பாட்டிகள் வீட்டில் மகுடம் சூடி இருந்தார்கள், கூட்டுக் குடும்பம் சிதைந்ததால் கதையும் போயிற்று, முதியோரும் தெருவுக்கு வந்தார்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். கூட்டுக் குடும்பம் எப்படி இருந்தது என்பதற்குச் சுவரிடம் பேசிய தாயைக் காட்டிலும் நல்ல சாட்சி கிடையாது. அவள் இருந்தது இரண்டு மகன்களும் இரண்டு மருமகள்களும் நிறைந்த கூட்டுக் குடும்பத்தில்தான். விருதுநகர், மதுரை வட்டாரச் சிற்றூர்களில், படுத்துவிட்ட முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து மரணத்தை வரவழைக்கும் தலைக்கூத்தல் என்ற வழக்கம் இருந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாளேடுகளில் அது வெளிவந்த பிறகே வெளியுலகம் திடுக்கிட்டது. பாரம், கே.டி. என்கிற கருப்புதுரை ஆகிய திரைப்படங்கள் அந்த வழக்கத்தைச் சுற்றி எடுக்கப்பட்டவை. பின்னதில் சாவிலிருந்து தப்பி ஓடும் கிழவருக்குத் துணையாக வருவது ஒரு குறும்புக்காரச் சிறுவன். ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் இந்த மண்ணின் கற்பனை ஆளற்ற முதுமைக்கு அதே துணையைத்தான் தேடிப் பிடிக்கிறது. பெற்றோரையும் முதியோரையும் பராமரிக்க வேண்டும் என்று 2007-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் போட்டுச் செய்ய வைக்க வேண்டிய காரியமாக அது ஆகிவிட்டதே என்று அப்போது பலரும் நொந்துகொண்டார்கள். பாட்டிகளின் கதைகளைக் கூர்ந்து கேட்டிருந்தால் அந்த வியப்பு நமக்கு வந்திருக்காது.

கிழவிகள் மட்டுமா? மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் பெற்ற தாயால் வழியில் விடப்பட்ட பிள்ளை. ஒரு பசு ஏழு நாள் பால் சுரந்து அவனைக் காத்தது. வளர்த்தவரும் பின்னால் கைவிட, அவன் வந்து சேர்ந்த இடம் மதுரை. சிந்தாதேவியின் கோயில் மண்டபத்தில் தங்கி, பிச்சை எடுத்து, குருடர், செவிடர், முடவர், காப்பாரற்றவர் எல்லோரையும் கூப்பிட்டு ஊட்டி, மிஞ்சியதை உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். அங்கேதான் அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைத்தது. இதே மதுரையில், 1876 முதல் 1878 வரை வதைத்த தாது வருடப் பஞ்சத்தில், குஞ்சரம் என்ற தாசி தன் நகைநட்டெல்லாம் விற்றுத் தெருவில் கஞ்சி ஊற்றினாள் என்று ஒரு கதை வழங்குகிறது. அவள் கலயம் அமுதசுரபி இல்லை. அது காலியாயிற்று, அவளும் காலியானாள். கைவிடப்பட்ட பிள்ளையும், ஊர் ஒதுக்கி வைத்த பெண்ணும், ஆளற்ற கிழவியுமே இந்த நகரம் திரும்பத் திரும்பத் தன் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைக்கும் மனிதர்கள். பாண்டியரும் நாயக்கரும் கட்டிய கோபுரங்களைச் சுற்றுலாக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். வீட்டுக்குள்ளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரலாறு வேறாக இருந்தது; அதில் அரசன் வருவது பெரும்பாலும் பிரம்போடுதான்.

கதை செத்துவிட்டது என்ற ஒப்பாரியும் புதிதல்ல. அச்சு வந்தபோது எழுந்தது, சினிமா வந்தபோது எழுந்தது, தொலைக்காட்சித் தொடர்களின் காலத்தில் உச்சத்துக்குப் போனது, இப்போது கைபேசியைக் காட்டி எழுகிறது. இத்தனைக்கும் நடுவில் மதுரைக்குத் தெற்கே கரிசல் காட்டில் பிறந்த கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்துக் களஞ்சியமாக்கினார். 2021-இல் தம் 98-ஆம் வயதில் மறையும்வரை கதைசொல்லியாகவே இருந்தார். 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியும் அதில் உண்டு. அங்கே பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள், நல்லது. ஆனால் புத்தகத்தில் சேர்ந்த கதைக்கு அதைச் சொன்னவளின் முகம் இருப்பதில்லை. பாட்டிகளின் கதைகள் அச்சேறும்போது முதலில் கழன்று விழுவது அவர்களுடைய துயரம், மிஞ்சுவது நீதி. வண்ணப் படங்களோடு விற்கும் பாட்டி கதைகளில் பாட்டி எப்போதும் கொழுகொழுவென்று சிரித்தபடி இருக்கிறாள்.

ராமானுஜன் தொகுத்த கன்னடக் கதை ஒன்றில் ஒரு பெண்ணுக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும். யாரிடமும் அவற்றைச் சொல்லாமல் வைத்திருந்தாள். அடைபட்டுக் கிடந்த அவை ஒருநாள் தப்பித்து, கதை செருப்பாக வாசலில் போய்க் கிடந்தது, பாட்டு ஆணின் அங்கியாக முளையில் தொங்கியது. யார் வந்தது என்று கணவன் சந்தேகப்பட, வீடு ரெண்டுபட்டது. சொல்லாத கதை சும்மா இருக்காது என்று அதைச் சொன்ன பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பூட்டிய வீடுகளுக்கு இடையில் காவலாக உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். நகரத்து அடுக்ககங்களில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு சாயங்காலத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கதை கேளுங்கள். எனக்கென்ன கதை தெரியும் என்றுதான் முதலில் சொல்வார்கள், எழுந்து வந்துவிடாதீர்கள். கைபேசியில் பதிவு செய்வதை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். ராசா ராணி கதையாகத் தொடங்கி நடுவில் அது உங்கள் குடும்பத்துக் கதையாக மாறலாம், அதில் உங்கள் அப்பாவோ அம்மாவோ கொஞ்சம் கெட்டவர்களாகவும் வரலாம். குறுக்கே பேசித் திருத்தாமல் உம் கொட்டுங்கள்.